உம்மாவின் முகத்தைப் பார்த்தது யார்?

சிலாபத்தில் எனக்கொரு சிநேகிதி இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய உம்மா மவுத்தாகி இரண்டு வருடம் கழிந்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீரை வைத்த கையோடு தன் போனை என் முன்னே நீட்டினார். திரையில் சின்னச் சின்ன வட்டங்களாக முகங்கள். கணவர், மகன், மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளை. நடுவில் உம்மா. அந்த முகத்தின் கீழே ஒரு கேள்வி: இவர் யார்? பெயரைச் சேர்க்கவும்.

"இத நான் செய்யல்ல" என்றார் சிநேகிதி. "உம்மாட படம் எல்லாத்தையும் தானாகவே பொறுக்கி ஒரு இடத்துல வச்சிருக்கு. கலியாணத்துக்கு முந்தி எடுத்த படத்தையும் சேத்து. முக்காடு இல்லாத படம் அது. பழைய அல்பம் கறையான் அரிக்குதுன்னு நான்தான் போன்ல புடிச்சு வச்சேன், எனக்கு மட்டும் பாக்க. அந்நிய ஆம்பிளைக்கு முன்னால வந்து நிக்காத மனுஷி. இப்ப இவர் யாருன்னு கேக்குது. கேக்கிறது யாரு?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "அது மெஷின், அதுக்கு என்ன தெரியும்" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சமாளிப்பு எனக்கே போதவில்லை. ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

காவற்காரனும் வீடும்

போனோ கணினியோ வாங்கும்போது நாம் வெறும் பெட்டியை மட்டும் வாங்குவதில்லை. அதை இயங்கச் செய்யும் மூல மென்பொருளும் கூடவே வருகிறது. பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகத்தில் அதைப் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பார்கள். கணினியில் அது பெரும்பாலும் மைக்ரோசொப்டின் விண்டோஸ். நம் கைகளிலுள்ள போன்களில் அதிகமானவற்றில் கூகுளின் அண்ட்ரொய்ட். ஐபோனில் அப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ்.

வீட்டோடு சேர்ந்து வரும் காவற்காரன் என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா அறைக்கும் அவனிடம் சாவி உண்டு. இல்லாவிட்டால் அவனால் வேலை செய்ய முடியாது. முன்பு அவன் வாசலில் இருந்தான். "அந்த அறையைத் திற" என்றால் திறப்பான், "மூடு" என்றால் மூடுவான். திருடன் வருகிறானா என்று பார்ப்பான். வைரஸ் இருக்கிறதா என்று கோப்புகளைத் தட்டிப் பார்ப்பதும் அந்த வேலைதான். அதை யாரும் குறை சொல்லவில்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அவன் குணம் மாறிவிட்டது. நாம் தூங்கும் நேரத்தில், போன் சார்ஜில் கிடக்கும்போது, அறை அறையாகப் போய் ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்க்கிறான். இது கடல், இது பூனை, இது பிறந்தநாள் கேக், இந்த முகமும் அந்த முகமும் ஒருவருடையது என்று குறித்து வைக்கிறான். படத்திலுள்ள எழுத்தையும் வாசிக்கிறான். உங்கள் போனிலேயே சோதித்துப் பார்க்கலாம். படங்கள் உள்ள இடத்தில் தேடும் பெட்டியில் கடல் என்றோ குழந்தை என்றோ ஆங்கிலத்தில் அடியுங்கள். நீங்கள் எந்தப் படத்துக்கும் அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் படங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதத்தில் வெளிவந்தபோதே இந்த வசதியோடு வந்தது. ஐபோனில் முகங்களைப் பிரித்தறிவது 2016 செப்டெம்பரில் வந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஐபோனில் அந்த வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது. கூகுள் போட்டோஸில் படங்கள் முதலில் கூகுளின் கணினிகளுக்குப் போகின்றன, அங்கேதான் முகங்கள் பிரிக்கப்படுகின்றன. அதாவது ஒரு காவற்காரன் வீட்டுக்குள் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். மற்றவன் அல்பத்தையே தன் முதலாளியின் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமில்லை. வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தும் செய்திகள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

ஓர் உதாரணம். 2025 பெப்ரவரியில், அண்ட்ரொய்ட் போன்களில் சேப்டிகோர் என்ற ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று உலகம் முழுக்க ஒரே சத்தம். விசாரித்தால், நிர்வாணப் படம் ஒன்று செய்தியாக வரும்போது அதை மங்கலாக்கிக் காட்டுவதற்கு உதவும் மென்பொருள் அது. பார்ப்பது போனுக்குள், முடிவும் போனுக்குள், வெளியே ஒன்றும் போவதில்லை என்றது கூகுள். பிள்ளைகள் கையில் போன் கொடுக்கும் நமக்கு அது உபயோகமானதும்கூட. அப்படியானால் ஏன் கோபம்? சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்பதுதான். நல்ல காரியத்துக்கு வந்த மாமியும் கதவைத் தட்டிவிட்டுத்தானே வருகிறார்!

அனுமதி எதற்காக?

ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம், பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெறவும் ஸலாம் சொல்லவும் நமக்குக் கற்றுத் தருகிறது. அதே ஸூராவின் 58ஆம் வசனம் இன்னும் உள்ளே வருகிறது. பஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளர்களும் சிறு பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறது. தாய் தகப்பனின் அறைக்குச் சொந்தப் பிள்ளை வருவதற்கே அனுமதி!

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையில் இருந்தபோது ஒரு மனிதர் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். கவனியுங்கள். அந்த மனிதர் எதையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை, உள்ளே காலும் வைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். உள்ளே மறைக்க வேண்டியது ஏதாவது இருந்ததா என்ற கேள்வி அந்தக் கண்டிப்பில் எழவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த விஷயத்தைப் பேசினால் நம் ஆண்பிள்ளைகள் உடனே ஒன்று சொல்வார்கள்: "ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் எதற்குப் பயம்?" ஒளிக்க ஒன்றும் இல்லாத வீட்டிலும் கதவு இருக்கிறது, கதவில் திரை தொங்குகிறது. இயந்திரத்தின் கண்ணை மனிதக் கண்ணாகக் கணக்கெடுக்க வேண்டுமா என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். பத்வா கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இயந்திரம் பார்ப்பது இயந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு நடந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாயும் அறிந்துகொள்ள வேண்டிய சம்பவம்.

ஒரு தகப்பனுக்கு நேர்ந்தது

2021 பெப்ரவரி. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம். கொரோனாக் காலம். ஒரு சின்ன ஆண்பிள்ளைக்கு மறைவிடத்தில் வீக்கம், வலி. தாய் தொலைபேசியில் வைத்தியசாலையை அழைக்கிறார். வைத்தியர் வீடியோவில் பேசுமுன் பார்ப்பதற்காகப் படங்களை அனுப்பி வையுங்கள் என்கிறார் தாதி. தகப்பனின் போனில் படம் எடுக்கப்படுகிறது, அனுப்பப்படுகிறது, வைத்தியர் மருந்து எழுதுகிறார், பிள்ளைக்குச் சுகமாகிறது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்தப் போன் எடுக்கிற படங்களையெல்லாம் தானாகவே கூகுளுக்கு ஏற்றி வைக்கும்படி இருந்தது. அங்கே இயந்திரம் பார்த்தது. குழந்தைகள் மீதான பாலியல் துஷ்பிரயோகமாக இருக்கலாம் என்று கொடி காட்டியது. இரண்டு நாட்களில் அந்தத் தகப்பனின் கூகுள் கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல் போனது, வருடக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்கள் போயின. தொலைபேசி இணைப்பும் கூகுளுடையதாக இருந்ததால் இலக்கமும் போனது. அவர் நடந்ததை விளக்கி எழுதிப் பார்த்தார். பலனில்லை. பொலிஸார் விசாரணை தொடங்கினார்கள். அவரைத் தொடர்புகொள்ள முயன்றபோது அழைப்பும் போகவில்லை, மின்னஞ்சலும் போகவில்லை. ஏனென்றால் இரண்டும் மூடப்பட்டிருந்தன! குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று பொலிஸார் முடிவெடுத்த பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டது.

படம் உண்மை. இயந்திரம் கண்டதும் உண்மை. ஆனால் வலியில் அழுத பிள்ளையையும் பதறிய தாயையும் வைத்தியரையும் அது காணவில்லை. படத்தைக் கண்டது, சந்தர்ப்பத்தைக் காணவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நம் வீடுகளிலும் இன்று இதே நடக்கிறது. பிள்ளைக்குக் கரப்பான் என்றால் படம் எடுத்து வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்கு அனுப்புகிறோம். பிரசவத்துக்குப் பிறகு தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதே என்று குடும்பநல உத்தியோகத்தருக்குக் காட்டப் படம் எடுக்கிறோம். குற்றமில்லை, தேவைக்குத்தான். ஆனால் அனுப்பியவுடன் அழித்தோமா? அழிப்பதற்குள் அது வேறெங்காவது ஏறிவிட்டதா? வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் பூட்டப்பட்டுத்தான் போகிறது. 2016 முதல் அப்படித்தான். ஆனால் அந்தப் பூட்டு வழிப் பயணத்துக்கு மட்டும். உறையைக் கிழித்துக் கடிதத்தை மேசைமேல் வைத்த பிறகு, வீட்டுக்குள் உலாவும் காவற்காரனை அது தடுக்காது.

நல்ல நோக்கமும் நீளும் பட்டியலும்

அப்பிள் நிறுவனம் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி ஒரு திட்டத்தை அறிவித்தது. குழந்தைகளைத் துன்புறுத்தி எடுக்கப்பட்டவை என்று ஏற்கெனவே அறியப்பட்ட படங்களின் பட்டியல் ஒன்று ஐபோனுக்குள்ளேயே வைக்கப்படும். பட்டியல் என்றால் படங்கள் அல்ல, ஒவ்வொரு படத்துக்கும் கணக்கிட்டெடுத்த ஓர் எண் அடையாளம், விரலடையாளம் போல. ஐக்ளவுட் களஞ்சியத்துக்கு ஏறப்போகும் ஒவ்வொரு படத்தையும் போனே அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். சுமார் 30 படங்கள் பொருந்தினால் அப்பிளின் ஊழியர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு அமெரிக்காவிலுள்ள சிறுவர் பாதுகாப்பு நிலையத்துக்கு அறிவிப்பார்கள்.

நோக்கத்தை யார் மறுப்பார்? குழந்தைகளை இப்படிச் சிதைப்பவர்கள் பிடிபட வேண்டும் என்பதில் எந்தத் தாய்க்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதே மாதம் உலகெங்குமிருந்து 90க்கும் மேற்பட்ட சிவில் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து அதை நிறுத்தும்படி அப்பிளுக்கு எழுதின. அவர்களின் வாதம் எளிமையானது. பட்டியலோடு ஒப்பிடும் இயந்திரத்துக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்று குழந்தைகள் பற்றிய படங்கள். நாளை ஒரு நாட்டின் அரசாங்கம் வந்து, இந்தக் கொடியையும் சேர், இந்தச் சுலோகத்தையும் சேர், இந்த அரபு வாசகத்தையும் சேர் என்றால்? மறுப்போம் என்றது அப்பிள். வற்புறுத்தும் சட்டம் வந்தாலும் மறுக்க முடியுமா என்று கேட்டார்கள். செப்டெம்பரில் அப்பிள் திட்டத்தைத் தள்ளிவைத்தது, 2022 டிசம்பரில் கைவிட்டுவிட்டது.

அரபு வாசகம் என்று நான் உதாரணத்துக்காகச் சொல்லவில்லை. அதன் அர்த்தம் சிலாபத்து மக்களுக்குத் தெரியும்.

2019, நோன்பு மாதம்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து அப்பாவிகள் பலியான நாள். கடற்கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களின் துக்கத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாம். அந்தப் பாதகத்தைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டதால் நம் தலைகளும் குனிந்திருந்தன.

மூன்று வாரம் கழித்து, மே 12, ஞாயிற்றுக்கிழமை. நோன்பு தொடங்கிச் சில நாட்கள்தான். சிலாபத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் யாருக்கோ ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் எழுதினார். அதிகம் சிரிக்காதீர்கள், ஒரு நாள் அழுவீர்கள் என்ற பொருளில். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட நாம் சொல்லும் வார்த்தைதான் அது. ஆனால் மற்றொரு தாக்குதலுக்கு நாள் குறிக்கிறார் என்று ஊரில் செய்தி பரவிவிட்டது. கூட்டம் கடையைச் சூழ்ந்தது. முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பொலிஸார் மறுநாள் காலைவரை ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், எழுதியவரையும் கைது செய்தார்கள். மறுநாள் நெருப்பு குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்குத் தாவியது. நாத்தாண்டிப் பக்கம் கொட்டாரமுல்லையில் ஒரு குடும்பத் தலைவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது.

அந்த வரி பகிரங்கமாக எழுதப்பட்டது, போனுக்குள் ஒளிந்திருந்த ஒன்றல்ல என்பது சரி. ஆனால் அந்த நாட்களில் நம் வீடுகளுக்குள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேடுதலுக்கு வந்தார்கள். கணினியையும் போனையும் பார்த்தார்கள், அரபு எழுத்துள்ள கிதாபுகளைப் புரட்டினார்கள். பார்ப்பவருக்கு அது துஆப் புத்தகமா வேறெதுவுமா என்று தெரியாது. பயத்தில் எத்தனை பெண்கள் இரவோடிரவாகப் பயான் ஒலிப்பதிவுகளை அழித்தார்கள்! கஃபாவின் படத்தைக்கூட அழித்தவர்களை எனக்குத் தெரியும். கிதாபுகளைக் கிணற்றடியில் புதைத்த வீடும் தெரியும். குற்றம் செய்ததால் அல்ல. பார்க்கிறவர் சந்தர்ப்பத்தைப் பார்க்கமாட்டார் என்று அறிந்ததால்.

அடுத்த வருடம், 2020 மே மாதம், புத்தளம் மாவட்டத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதம் பேசுகிறது என்றார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன என்று தமிழறிந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வாசிக்கத் தெரியாதவர் வாசித்தால் மனிதருக்கே இந்தக் கதி. நம் மொழியையும் நம் பழக்கவழக்கத்தையும் அறியாத இயந்திரம் எழுதும் குறிப்பை நம்பி யாராவது ஒருவர் கதவைத் தட்டினால் என்னாகும் என்பதுதான் என் கவலை. நம் நாட்டில் அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கத் தகப்பனின் கதவை அது தட்டிவிட்டது.

மேசைமேல் உள்ள லெப்டொப்

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டாவது ஒரு லெப்டொப் வாங்கிய வீடுகள் நம்மில் அநேகம். பிள்ளையின் சாதாரண தரப் பாடம், வாப்பாவின் கடைக் கணக்கு, ராத்தாவின் தையல் மாதிரிகள், எல்லாம் அதிலேதான்.

மைக்ரோசொப்ட் 2024 மே 20ஆம் திகதி ரீகோல் என்ற வசதியை அறிவித்தது. திரையில் தெரிவதைச் சில விநாடிக்கொரு முறை படம் எடுத்து வைத்து, பிறகு எப்போதாவது "போன வாரம் பார்த்த அந்த நீலத் துணி எங்கே?" என்று கேட்டால் எடுத்துத் தரும். கேட்க இனிமைதான். ஆனால் திரையில் தெரிவதில் வங்கிக் கணக்கும் உண்டு, கணவன் மனைவி எழுதிக்கொண்டதும் உண்டு. பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, வாசித்த எழுத்தெல்லாம் கணினிக்குள் எளிதாக எடுக்கக்கூடிய விதத்தில் கிடந்தது. எதிர்ப்பு கிளம்பியது. மைக்ரோசொப்ட் பின்வாங்கி, பூட்டுப் போட்டு, பாவிப்பவர் விரும்பி இயக்கினால் மட்டும் இயங்கும்படி மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டது. புதிய ரகக் கணினிகளில் மட்டும்தான் அது வரும். நம் வீட்டுப் பழைய லெப்டொப்புக்கு அந்தக் கவலை இல்லை.

நமக்கு உண்மையான கவலை இன்னொன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் பலரும் 11க்கு மாறுகிறார்கள். அதைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைக்கும்போது, டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ளவை ஒன்ட்ரைவ் என்ற இணையக் களஞ்சியத்துக்கு ஏறத் தொடங்குவதுண்டு. 2024இல் இதற்குத் தெளிவாக அனுமதி கேட்கப்படுவதில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. எந்த மின்னஞ்சலில் இணைத்தோமோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கணினி போட்டுத் தந்த கடைக்காரப் பையன் தன் மின்னஞ்சலைக் கொடுத்து இணைத்திருந்தால்? எங்கள் உறவினர் வீட்டில் அப்படித்தான் நடந்திருந்தது. மகளின் கலியாணப் படங்கள் முழுவதும் யாரோ ஒருவரின் கணக்கில். அந்தப் பையனுக்கே அது தெரியாது, கெட்ட எண்ணமும் இல்லை. காட்டியதும் வெட்கப்பட்டு அழித்துத் தந்தான்.

திருட்டுப் பிரதி விண்டோஸ் போட்டுக்கொண்டு அந்தரங்கம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூட்டை உடைத்துத் தந்தவன் வேறு எந்தச் சாவியை வைத்துக்கொண்டான் என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் சொல்ல அதிகமில்லை. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை கிடையாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சமய நம்பிக்கை, உடல்நலம், முகம் போன்ற உடல் அடையாளங்கள், பிள்ளைகளைப் பற்றிய தரவுகள் ஆகியவற்றை அது விசேட கவனத்துக்குரியவையாகப் பிரிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டு, அதே வருடம் சட்டமும் திருத்தப்பட்டது. அந்தத் திரை முழுதாக விரியும்வரை நம் வீட்டுக் கதவுக்கு நாமே திரை தொங்கவிட வேண்டியதுதான்.

சிநேகிதியின் போனில் என்ன செய்தோம்

அடுத்த முறை சிலாபம் போனபோது லுஹருக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்தோம். அவருடையது அண்ட்ரொய்ட் போன். முதலில் கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டுப் பார்த்தோம். பெக்கப் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது எடுக்கும் படமெல்லாம் கூகுளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. போன் வாங்கிய அன்று மகன் ஏதோ "சரி, சரி" என்று அமத்தியிருக்கிறான். அதை நிறுத்தினோம். பிறகு செட்டிங்ஸில் முகங்களை ஒன்றுசேர்ப்பதற்கான தெரிவை அணைத்தோம். அணைத்ததும் அந்த வட்டங்களெல்லாம் மறைந்தன.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு முகம் பிரிப்பதை முழுவதும் அணைக்கும் வழி இல்லை. ஆனால் அது போனுக்குள்ளேயே நிற்கிறது. 2024இல் வந்த என்ஹான்ஸ்ட் விஷுவல் சேர்ச் என்ற தெரிவு வேறு. படத்திலுள்ள பிரபலமான இடங்களை அடையாளம் காண, படத்தின் ஒரு பகுதியைப் பற்றிய தகவலைப் பூட்டிய வடிவில் அப்பிளுக்கு அனுப்பும். பூட்டு பலமானதுதான். ஆனாலும் கேட்காமலே இயங்கும்படி வைத்திருந்ததை 2024 டிசம்பரில்தான் பலரும் கண்டுகொண்டார்கள். போட்டோஸ் செட்டிங்ஸில் கடைசிப் பக்கமாக இருக்கும், அணைத்துவிடலாம்.

அடுத்தது வாட்ஸ்அப். குழுக்களில் வரும் படங்கள் தாமாகவே போனின் கெலரியில் வந்து விழுகின்றன. அங்கே விழுந்தால் பெக்கப் அவற்றையும் தூக்கிக்கொண்டு போகலாம். மீடியா விசிபிலிட்டி என்ற தெரிவை அணைத்தால் விழாது. இதில் நம் படத்தைவிட அடுத்தவர் படம்தான் அதிகம் அகப்படுகிறது என்பதை சிநேகிதிதான் கவனித்தார். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் ஒருவர் ஆசைக்கு எடுத்த படம், இருபது பேரின் போனில் விழுந்து, இருபது கணக்குகளில் ஏறி இருக்கிறது. அதிலுள்ள பெண்களில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. கூகுளைத் திட்டிக்கொண்டே நாமும் அதைத்தான் செய்கிறோம்.

போன் திருத்தக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழகத்தார் தாம் செய்த ஒரு சோதனையின் முடிவுகளை 2022இல் வெளியிட்டார்கள். திருத்தக் கொடுத்த 16 கணினிகளில் 6இல் திருத்துநர்கள் உள்ளே இருந்த சொந்தக் கோப்புகளைப் பார்த்திருந்தார்கள். பெண்களுடையவை என்று தெரிந்தவற்றை அதிகம் பார்த்திருந்தார்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் இதை நினைக்க வேண்டும். பல சம்சுங் போன்களில் மெயின்டனன்ஸ் மோட் என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் திருத்துநர் போனைச் சோதிக்கலாம், படங்களையும் செய்திகளையும் திறக்க முடியாது. காவற்காரன் நமக்காகச் செய்யும் நல்ல வேலைகளில் இது ஒன்று.

கடைசியாக உம்மாவின் படங்களுக்கு வந்தோம். மொத்தம் 41. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். கூகுளில் ஏறியிருந்தவற்றை அழித்தோம். குப்பைக் கூடையிலும் போய் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வாரம் அங்கேயே கிடக்கும். அவசரப்பட்டு முதலில் அழித்துவிடாதீர்கள். பிரதி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

பென்டிரைவைக் காணி உறுதியும் உம்மாவின் தஸ்பீஹும் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்தார். புத்தளத்திலுள்ள தங்கைக்கும் ஒரு பிரதி வேண்டுமே, வாட்ஸ்அப்பில் அனுப்பவா என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நானா வருவார். கையில குடுத்து அனுப்புறேன்."